மூன்றாவது டேப்

விவாகரத்தை வீட்டிலிருந்தே வாங்கிக்கொள்ளும் காலம் அது. அதற்கான இணையப் படிவத்தைச் செய்துகொடுத்தவன் சகாயராஜ். மழையில் தன்னை பஸ் ஸ்டாப்பில் மறந்தேபோன அவன்மேல் கொதித்து, மனைவி செல்வமேரி ஈரப் புடவையோடு அதையே திறந்தாள். படிவத்தில் மூன்று டேப், அதாவது மூன்று பக்கங்கள். முதல் டேப்பை நிரப்பினால்தான் இரண்டாவதான ‘குறை’ திறக்கும். குறையை எழுதினால்தான் மூன்றாவதான ‘பிரிவு’.

முதல் டேப்பில் ஒரே கேள்வி: ‘சாப்பிட்டாச்சா?’

‘ஆச்சு’ என்று தட்டினாள். வீட்டில் இன்னும் அடுப்பே பற்றவில்லை என்று கட்டம் சிவந்தது.

“எல்லாருக்குமா இப்படி வச்சிருக்கீங்க?”

“பசியோட யாரும் பிரியக்கூடாதுல்ல” என்று சகாயராஜ் எழுந்துபோய் தோசைக்கல்லைப் போட்டான்.

சாப்பிட்டதும் ‘குறை’ திறந்தது. செல்வமேரி இடது கையால் அடித்தாள்: ‘சட்னியில் உப்பு இல்லை.’

‘பிரிவு’ பச்சையாகி மின்னியது. அவள் தட்டை நீட்டினாள்.

“இன்னொண்ணு ஊத்துங்க.”