இரட்டை முடிச்சு

இடைவேளை விசில் ஊதியபோது அரக்கோணம் மூன்று கோல் போட்டிருந்தது. திருத்தணி ஒன்றுகூடப் போடவில்லை.

ஞானம்மாளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. முகத்தை மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி வைத்துக்கொண்டாள்.

மலைக்கு மொட்டை போட வந்த கூட்டத்தில் பாதி, சந்தனம் பூசிய தலைகளோடு பள்ளிக்கூட மதில்மேல் ஏறி உட்கார்ந்து ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோலுக்கும் அவர்களும் சேர்ந்து உச்சுக்கொட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியில் தலைமையாசிரியை கௌரியம்மாள் விசிறிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஞானம், தப்பு எங்க இருக்குது? சொல்லிக் குடுக்குறவ சரியில்லையா, ஆடுற பொண்ணுங்க சரியில்லையா?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஞானம்மாள் இரண்டு மாதமாகக் காத்திருந்தாள். வந்ததும் பாய்ந்து பிடித்துவிடவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பொண்ணுங்கள குறை சொல்ல முடியாதுங்க."

மீதியைக் கௌரியம்மாள் தானே முடித்துக்கொண்டார். "ஆங், நானும் அதத்தான் நெனைச்சேன். இன்னிக்கும் தோத்துட்டா விசிலு பழையபடி உன்கிட்டதான்."

விசில்!

எத்தனை வருஷம் அவள் கழுத்தில் தொங்கிய விசில். அவள் காலத்தில் இதே பெண்கள் காஞ்சிபுரம் வரைக்கும் போய்க் கோப்பை வாங்கி வந்தார்கள். அப்புறம் சென்னையிலிருந்து படிப்பும் பட்டமுமாகத் தமயந்தி வந்து இறங்கினாள். விசில் அவளுக்குப் போனது. ஞானம்மாளைத் தையல் வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பெண்கள் தமயந்தியை மாதிரியே பின்னல் போட ஆரம்பித்ததையும், தினம் ஒருத்தி அவளுக்குக் கனகாம்பரம் கட்டிக்கொண்டு வந்ததையும்கூடப் பார்க்காதது மாதிரி இருந்திருப்பாள்.

அந்த ஷூவைத்தான் அவளால் பொறுக்கவே முடியவில்லை.

வருஷா வருஷம் ஞானம்மாள் கேட்ட ஷூ அது. பெண்கள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள், முள் குத்துகிறது, ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள் என்று கேட்பாள். பார்க்கலாம் என்பார்கள். அவ்வளவுதான். தமயந்தி வந்தாள், ஒரு தடவை கேட்டாள், ஆடி மாசம் முடிவதற்குள் அணி முழுக்க வெள்ளை கான்வாஸ் ஷூ வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி ஞானம்மாள் சாப்பிடவில்லை. பொறாமைதான். வேறென்ன?

இப்போது தமயந்தி மைதானத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது. நேராக ஞானம்மாளிடம் வந்து குனிந்தாள்.

"அக்கா, நீங்க பாத்து வளர்த்த பொண்ணுங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நான் எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்களேன்."

"உன் மேல இன்னாமா தப்பு? எல்லாம் நேரம்," என்றாள் ஞானம்மாள், குரலில் தேனைக் குழைத்து.

அப்போதுதான் பங்காரு நொண்டிக்கொண்டு வந்தாள். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் மகள். அணியில் முன்னால் ஓடுகிறவள். ஒரு காலத்தில் பந்து அவள் மட்டையை விட்டு நகராது. தமயந்தி மிஸ்ஸைத் தாண்டி வந்து, ஞானம்மாள் காலடியில் உட்கார்ந்து, வலது ஷூவைக் கழற்றினாள்.

நுனியில் அடைத்திருந்த கழிவு நூல் உருண்டை கலர் கலராக வெளியே வந்து விழுந்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"டீச்சர், பஞ்சு வெச்சாலும் நூல் வெச்சாலும் காலு உள்ள வழுக்கிகினே இருக்குது. எல்லாருக்கும் அப்டித்தான். புது ஷூவாச்சேன்னு யாரும் மிஸ்கிட்ட சொல்லல. கழட்டிட்டு ஆடட்டுங்களா?"

என்னிடம் கேட்கிறாள். அவளிடம் இல்லை, என்னிடம். ஞானம்மாளுக்கு அந்த ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆங் என்றால் போதும். பதினொரு பேரும் கழற்றி எறிவார்கள். வெறுங்கால் மண்ணில் பட்டால் மூன்று கோல் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஷூ வந்த முதல் நாளிலிருந்தே அது அவளுக்குத் தெரியும். ஜெயித்த பிறகு மதில்மேல் இருக்கிற மொட்டைகள் எல்லாம் கை தட்டும். தோளில் தூக்கிக்கொண்டு போவது யாரை? தமயந்தியை.

ஞானம்மாள் நாற்காலியை விட்டு இறங்கி மண்ணில் மண்டியிட்டாள். நூல் உருண்டையைப் பொறுக்கி ஷூவுக்குள் திணித்தாள். பங்காருவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்டி கண்ணு. மிஸ் ஆசையா வாங்கிக் குடுத்தது. கழட்டிப் போட்டா அவங்க மனசு கஷ்டப்படும்ல?"

கயிற்றை இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டாள். பங்காரு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கழற்றச் சொல்ல வாயெடுத்த தமயந்தி அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா அக்கா? இந்த ஊர்ல எனக்குன்னு நீங்க ஒருத்தர்தான்."

விசில் ஊதியது. பங்காரு ஓடினாள். ஷூ தனியாகவும் கால் தனியாகவும் ஓடின.

ஷூ வாங்கப் போகுமுன், அளவு தெரியாமல் தமயந்தி முதன்முதலில் யோசனை கேட்டு வந்ததும் இந்த அக்காவிடம்தான். "வளர்ற பொண்ணுங்க, ரெண்டு சைஸ் பெருசாவே வாங்கும்மா" என்று, தன் பிள்ளைகளுக்கு வாங்குகிற மாதிரியே சொல்லி அனுப்பியிருந்தாள் ஞானம்மாள்.

அன்றைக்கு அதை நல்ல மனசோடுதான் சொன்னாள்.