பெண் பார்க்க வந்தவர் கேட்ட ரொட்டி

“கேசரியெல்லாம் வேணாங்க. எனக்கு இனிப்பு நீரு. மாவுச்சத்து குறைஞ்ச ரொட்டி இருந்தா கொடுங்க.”

பெண் பார்க்க வந்த நல்லம்மாள், நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னது இதைத்தான்.

பக்கத்தில் இருந்த மகன் பாலன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பெண்ணின் தாய் இராஜம்மா கேசரித் தட்டோடு நின்றுவிட்டாள்.

“வெள்ளை ரொட்டிதாங்க இருக்கு...”

“அது ஆகாதுங்க. சூப்பர்மார்க்கெட்டுல இதுக்குன்னே விக்கிறாங்களே, அதுதான் வேணும்.”

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து, பிறர் வீட்டில் கால் வைத்த ஐந்தாவது நிமிடத்தில் இப்படி அதிகாரம் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். மாப்பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அது எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

வெள்ளை ரொட்டிதான் இருக்கிறது என்று இராஜம்மா சொன்னது பொய். நல்லம்மாள் கேட்ட ரொட்டி சமையலறை அலமாரியில் மூன்று வகை இருந்தது. வெளியே எடுத்தால், இந்த வீட்டில் அதைத் தின்பது யார் என்று கேட்பார்கள்.

தின்பது கல்யாணப் பெண் சந்திரகலாதான். பதினாறு வயதில் வந்த இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். உண்மையைச் சொல்லியே ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. “இந்தத் தடவை யாரும் வாயத் திறக்கக் கூடாது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்” என்று அப்பா சபாபதி காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்று சபாபதி புதுச்சட்டையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். தன் வீட்டு அலமாரியில் இருப்பதையே கடையில் வாங்கிவர வேர்க்க விறுவிறுக்கப் போன மனிதர், பாவம், ஊரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மூன்று வகையிலும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி வந்து மேசையில் பரப்பினார். அட்டைபோல் மெல்லிய வறட்டு ரொட்டி, உப்பிப் போன குட்டிக் குட்டி பன், ஈரச் செங்கல் மாதிரி ஒரு கறுப்பு ரொட்டி.

நல்லம்மாள் மூன்றையும் புரட்டிப் பார்த்தாள்.

“கறுப்பா இருக்கே, இதுலதான் மாவு கம்மியா இருக்கும். நாலு துண்டு வைங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல.”

இராஜம்மா அவசரமாக நான்கு துண்டுகளைத் தட்டில் வைத்தாள். நல்லம்மாள் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

“ஆன்டி, வேணாம்!”

கதவோரம் நின்ற சந்திரகலாதான். சபாபதி மகளை முறைத்தார். அவள் அப்பாவைப் பார்க்காமல் மேசைக்கு வந்துவிட்டாள்.

“கறுப்பா இருந்தா மாவு கம்மின்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆன்டி. அப்படி இல்ல. இது நல்ல கனம். நாலு துண்டு சாப்பிட்டா ஒரு தட்டு சோறு சாப்பிட்ட மாதிரி ஆயிடும்.”

“அப்ப இந்த பன்னு?”

“உள்ள பாதி காத்துதான். ஒண்ணு சாப்பிட்டா சீனி பெரிசா ஏறாது. ஆனா பசியும் அடங்காது. பாக்கெட்ட உடைச்ச மறுநாளே ரப்பர் மாதிரி ஆயிடும். இந்த வறட்டு ரொட்டி ரெண்டு போதும், ஆன்டி. வெண்ணெய் தடவி, வெள்ளரிக்கா வச்சுக்குங்க. மதியம் வரைக்கும் தாங்கும்.”

“உனக்கு எப்படிம்மா இவ்வளவு தெரியும்?”

“அவ புத்தகம் நிறைய படிப்பா...” என்று குறுக்கே விழுந்தார் சபாபதி.

சந்திரகலா ஒரு நொடி தயங்கினாள். பிறகு நேராகவே சொன்னாள்.

“எனக்கும் இனிப்பு நீர் இருக்கு, ஆன்டி. எட்டு வருஷமா. காலையும் சாயங்காலமும் ஊசி போட்டுக்கறேன்.”

இராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சபாபதிக்குத் தலையைத் தூக்கவே முடியவில்லை. மூன்றாவது சம்பந்தமும் போயிற்று.

பாலன்தான் பேசினான். “இந்த மூணுல எது ருசியா இருக்கும்?”

“ஒண்ணுமே இருக்காது” என்றாள் அவள்.

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நல்லம்மாள் இரண்டு வறட்டு ரொட்டியையும் மென்று தின்றாள். தண்ணீர் குடித்தாள். மகன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

“நல்ல நாள் பாருங்க, சம்பந்தி” என்று எழுந்தாள்.

காரில் பாதி வழி வரைக்கும் பாலன் பொறுத்துப் பார்த்தான்.

“அம்மா, உங்களுக்கு இனிப்பு நீர்னு எங்கிட்டகூட ஏன் சொல்லல?”

“அந்தப் பொண்ணு படத்தத் தரகர் கொடுத்தாருல்ல? அதுக்கு அடுத்த வாரம் சூப்பர்மார்க்கெட்டுல அந்தப் பொண்ணையே நேர்ல பார்த்தேன். ஒரு சீனக்கார அம்மா அந்தக் கறுப்பு ரொட்டியக் கூடையில போட்டாங்க. இந்தப் பொண்ணு போய்த் தடுத்து, ‘எனக்கும் இருக்கு’ன்னு மலாய்ல சொல்லி, பாக்கெட் பாக்கெட்டா விளக்கிச்சுடா. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு.”

“தெரிஞ்சேவா போனீங்க?”

“அவங்கப்பாகிட்ட நான் கேட்டிருந்தா மனுஷன் கூனிக்குறுகிப் போயிருப்பாரு. அந்தப் பொண்ணு தன் வாயால சொன்னா தலை நிமிர்ந்து சொல்லும்ல?”

பாலன் காரின் வேகத்தைக் குறைத்தான். “அப்ப உங்களுக்கு...?”

“அதோ மாமாக் டீக்கடை, ஓரமா நிறுத்து. அந்த அட்டைய மென்னு நாக்கே செத்துப்போச்சு. எனக்கு ஒரு தே தாரேக் டீ சொல்லுலா, இனிப்புக் கட்டிப்பால் ரெண்டு கரண்டி கூடப் போடச் சொல்லு!”