எண்பது வீட்டு நோன்பு

எண்பது வீட்டு நோன்பை ஒரே பாங்கில் முறித்துவிட்ட மனுஷனுக்கு, ஸ்டூடியோ கதவைத் தள்ளக் கை வரவில்லை. ஷம்சுதீன் பார்க்கிங்கிலேயே கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

அமெரிக்க ஊரான இர்விங்கில் அது ஒரு சின்ன ரேடியோ ஸ்டேஷன். ரமலான் மாதம் மட்டும் தினமும் மாலை அரைமணி நேரம் தமிழில். ஷம்சுதீன் சிடியில் பாங்கை, அந்தத் தொழுகை அழைப்பைப் போட்டால்தான் எண்பது வீட்டில் நோன்பு திறப்பார்கள். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் உண்டு.

நேற்று அதில் மண் விழுந்தது. தினமும் ஒரு நிமிஷம் முன்னதாகவே பொழுது சாய்கிற அக்டோபர் மாதம். நேர அட்டவணையில் அடுத்த வாரத்து வரியைப் பார்த்து, ஏழு நிமிஷம் முன்பே பாங்கைப் போட்டுவிட்டார். ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு, தொழுகைக்காகப் பின்பக்க அறைக்குப் போய்விட்டார்.

தப்பு தெரிந்தது இன்று மதியம்தான். உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"சாலிஹா, நேத்து எப்போ நோன்பு திறந்தே?"

"உங்க பாங்கு கேட்டுத்தான். கஞ்சி ஆறி ஏடு கட்டினப்புறம்தான் பாங்கே வந்துச்சு. ஏங்க?"

சொன்னார்.

"அய்யய்யோ. வெளியே மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா இனிமே உங்களை யார் நம்புவா?"

"அத்தனை பேரும் அந்த ஒரு நோன்பைத் திரும்பப் பிடிக்கணுமே. மறைச்சா அந்தப் பாவம் என் தலையிலதான்."

மனதைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒலிபரப்பைக் கவனிக்கும் மோசஸ். அவர் மேஜையிலும் அதே அட்டவணை ஒட்டியிருந்தது.

"மோசஸ், ரெண்டு நிமிஷம் பேசணும். மைக் குடுங்க."

மோசஸ் அவர் முகத்தைப் பார்த்தார். "பேசுங்க பாய்."

"அஸ்ஸலாமு அலைக்கும். நேத்து நான் ஏழு நிமிஷம் முன்னாடியே பாங்கைப் போட்டுட்டேன். என்னை நம்பித் திறந்தவங்க எல்லாரும் அந்த நோன்பைத் திரும்பப் பிடிக்கணும். மன்னிச்சிடுங்க. நாளையிலேர்ந்து வேற யாராவது பாங்கு போடட்டும்." மைக்கைத் தள்ளி வைத்தார்.

திட்டு வாங்கத் தயாராக டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை. மோசஸ்தான் எழுந்து வந்தார்.

"பாய், நீங்க பேசினது வெளியே போகல. பாட்டுதான் ஓடுது."

"ஏன்?"

"உங்க முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிஞ்சுது. நேத்தும் அப்படித்தான். டைம் ஆகலைன்னு பார்த்துட்டு உங்க பாங்கை வெளியே விடல. நீங்க தொழப் போனப்போ கரெக்ட் டைமுக்கு நானே சிடியைப் போட்டேன். யார் வீட்டு நோன்புக்கும் ஒண்ணும் ஆகல."

ஷம்சுதீன் பொத்தென்று உட்கார்ந்தார். நிம்மதியில் கண் கலங்கிவிட்டது.

"அதை அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே மோசஸ்? மதியத்துலேர்ந்து செத்துப் பிழைச்சேன்."

மோசஸ் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது குற்றவாளி மாதிரி நின்றது அவர்தான்.

"சொல்லத்தான் ஓடி வந்தேன் பாய். அதுக்குள்ள நீங்க பேரீச்சம்பழத்தை வாயில போட்டுட்டீங்க."