ஊதக் கூடாது

பழைய காலத்து வீட்டுக் கணினியில், கேம் அடங்கிய சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜ் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு அதன் அடியில் இருக்கும் செம்புப் பட்டைகளில்தான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, நேராகச் செருக வேண்டும். வாயால் மட்டும் ஊதவே கூடாது. மூச்சின் ஈரம் செம்பை மெல்ல அரித்துவிடும்.

இதையெல்லாம் என் மனைவிக்குப் பொறுமையாக விளக்கினேன். அந்தக் கணினி, இறந்துபோன அவளுடைய முதல் கணவருடையது.

"அவரு ஊதித்தான் போடுவாரு. உடனே ஓடும்," என்றாள். அப்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பு எனக்காக ஒருநாளும் வந்ததில்லை.

அந்தச் சிரிப்பை எப்படியாவது வாங்கிவிட நினைத்தேன். பட்டைகளைத் துடைத்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. செருகும் துளையையும் சுத்தம் செய்தேன். பலனில்லை. வயிறு எரிய, கடைசியில் நானே ஊதினேன். அப்போதும் கறுப்புதான். வெட்கத்தோடு மறுபடி துடைத்துக் காயவைத்தேன்.

"ஊதக் கூடாதுன்னு பாடம் எடுத்தீங்களே வாத்தியாரே! இப்படிக் குடுங்க."

கார்ட்ரிட்ஜை வாங்கி, பக்கத்தில் இருந்த காலி நாற்காலிக்கு நேராக ஒரு கணம் நீட்டினாள். காய்ந்த செம்பின்மேல் ஆவி படிந்து, மெல்லக் கலைந்தது. செருகினாள். திரை ஒளிர்ந்தது. இருவர் ஆடும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

நாற்காலியின் முன்னால் கிடந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுக்கக் கை நீட்டினேன்.

"இருங்க, இவரு ஆடி முடிக்கட்டும்," என்றாள் அதே சிரிப்போடு.

திரையில் இரண்டு விமானங்களும் கிளம்பின.