ஐந்து வாட் மன்னிப்பு

“என் மர அகப்பை எங்கேங்க?”

கேட்டுக்கொண்டே அறைக்குள் வந்தவளுக்குப் பதில் கண்ணெதிரே இருந்தது. அகப்பைக் காம்பை ஆன்டெனாவின் குமிழில் செருகிக் கட்டி, தள்ளி நின்று திருகிக்கொண்டிருந்தார் கணவர்.

“கையைக் கிட்டே கொண்டுபோனா ஆன்டெனா ட்யூனிங் கலைஞ்சுடுதுடி. மரம்னா ஒண்ணும் ஆகாது.”

ஜன்னலோரம் துணி காயப்போடும் ஸ்டாண்டில் நின்றது அந்த ஆன்டெனா. வட்டமாக வளைத்த செப்புக் குழாய், அவ்வளவுதான். சொந்த வீட்டில் இருந்தவரை மொட்டை மாடியில் நீளக் கம்பி இழுத்து ஹாம் ரேடியோவில் உலகத்தோடு பேசியவர் அவர். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் ஓய்வு பெற்று இந்த அடுக்குமாடிக்கு வந்ததும், கம்பியெல்லாம் கட்டக் கூடாது என்று சங்கத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் அறைக்குள்ளேயே வளையம். அனுப்பும் சக்தி ஐந்து வாட். ஜீரோ வாட் பல்புகூட அதைவிட அதிகம் சாப்பிடும்.

“இன்னைக்காவது உங்க கப்பல்காரர் பேசுவாரா?”

“பேசுவான். பேசணும்.”

கப்பல்காரர் இருபது வருட நண்பர். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். இவர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, போன் நம்பர்கூட வாங்கியதில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இங்கே மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தட்டினால் அங்கிருந்து பதில் தட்டு வரும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிக் குடும்பக் கதையெல்லாம் பேசிக்கொள்வார்கள்.

வளையம் கட்டிய முதல் ஞாயிறு கப்பல்காரர் கேட்டார்: ‘என்னப்பா, கொசு கத்துற மாதிரி கேக்குறே?’

வெறும் கேலிதான். ஆனால் சொந்த வீட்டை விட்டு வந்த எரிச்சலில் இருந்தவருக்குச் சுருக்கென்றது. ‘இனிமே உன் சத்தமே என் காதுல விழ வேணாம்’ என்று தட்டிவிட்டு ரேடியோவை அணைத்தார். மூன்று மாதம் அதைத் தொடவே இல்லை.

“என் நாக்குல சனி,” என்றார் இப்போது.

“நாக்கை ஏன் திட்டறீங்க? தட்டினது விரல்தானே!”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதமாக வாரம் தவறாமல் தட்டுகிறார்: ‘தப்பு என்னோடது. மன்னிச்சுடு. பதில் சொல்லு.’ ஸ்பீக்கரில் உஸ்ஸென்று இரைச்சல்தான் வந்தது.

அந்த இரைச்சலுக்காக அவர் பண்ணாத கூத்தில்லை. ஃபிரிட்ஜை நிறுத்தினார். மீன் தொட்டி மோட்டாரைப் பிடுங்கினார். எதிர்வீட்டில் டி.வி.யை அணைக்கச் சொல்லி மூக்குடைபட்டார். ஒருநாள் லிஃப்ட்டையே நிறுத்திவிட்டார், தெரிந்த வேலைதானே. சங்கச் செயலாளர் ஆறு மாடி ஏறி வந்து மூச்சிரைக்கக் கத்திவிட்டுப் போனார். இரைச்சல் மட்டும் குறையவில்லை.

“ஒரு கடிதாசி போடுங்களேன்.”

“பழைய விலாசத்துக்குப் போட்டேன். வீடு மாறிட்டாங்கன்னு திரும்பி வந்துடுச்சு. நம்ம புது விலாசமும் அவனுக்குத் தெரியாது. சொல்றதுக்குள்ளதான் நான் வாயை விட்டுட்டேனே!”

மணி ஏழு. வழக்கம்போல முதலில் மேஜை விளக்கைப் போட்டார். கண் மங்கலாகிவிட்டதால், மன்னிப்புக் கேட்க உட்கார்ந்த முதல் வாரம் வாங்கிய மலிவான எல்.இ.டி. விளக்கு. பிறகு ரேடியோவைப் போட்டார். இரைச்சல் வந்தது. தட்டி முடித்துக் காத்திருந்தார்.

“விடு. அவனுக்கு மனசு ஆறலை. கல்நெஞ்சன்.”

அவள் திரையை விலக்கினாள். “வெயில் சுள்ளுனு அடிக்குது, இதுல விளக்கு ஒண்ணுதான் கேடு!” என்று ஸ்விட்சைத் தட்டினாள்.

குழாயை மூடியதுபோல் இரைச்சல் நின்றது.

அவர் விளக்கைப் பார்த்தார். போட்டார், இரைச்சல். அணைத்தார், நிசப்தம்.

“அடப்பாவி மனுஷா! ஊர் லிஃப்ட்டையெல்லாம் நிறுத்தினீங்களே!”

“உஷ்!”

ஸ்பீக்கரில் மெல்லிய தட்டல். கப்பல்காரர் நிலையத்தின் அடையாள எழுத்துகள்! அவர் பாய்ந்து பென்சிலை எடுத்தார்.

“அவன்தான்டி! ஆனா குதிரை மாதிரி ஓடுற கை, இப்போ எழுத்துக்கு எழுத்து தடுக்குது. வயசாயிடுச்சு பாவம்.”

காகிதத்தில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. ‘முதல் வாரமே கேட்டது. கோபமே இல்லை. வாரா வாரம் பதில் தட்டியாச்சு. அங்கேதான் கேக்கலை போல.’

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தேம்பினார். “அஞ்சு மாசம்டி! அவன் பதில் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். நான் செவிடாட்டம் உக்காந்துகிட்டு அவனைப் போய்க் கல்நெஞ்சன்னேன்!”

“இப்பவாவது கேட்டுதே. விலாசத்தை வாங்குங்க, நேர்லயே போய்ப் பார்த்துடலாம்.”

“பையை எடுத்து வை!” என்றபடியே தட்டினார்: ‘விலாசம் சொல்லு. இன்னைக்கே கிளம்பி வரேன். உன்னைப் பார்க்கணும்.’

அவள் பையை எடுக்க உள்ளே போனாள். அப்புறம் அதே தடுமாறும் தட்டல். எழுத எழுத அவர் கை மெதுவாகிக்கொண்டே போனது. பையோடு வந்த மனைவி, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

‘வாங்க அண்ணா. நான் அவர் சம்சாரம். அவர் போய் நாற்பது நாளாச்சு. உங்களுக்குச் சொல்ல வேற வழி தெரியலை, அதனாலதான் தட்டக் கத்துக்கிட்டேன்.’