முன் சக்கரம்

பெட்டியைப் பிரிக்கும்போதே எனக்குக் கை பரபரத்தது. உள்ளே சிவப்பு பிரேக் பேட்கள், நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து. மாதக்கணக்கில் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விட்டவை, இப்போது என் மடியில்.

மாமனார் ஒன்றை எடுத்து, பிடுங்கிய கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பல் வைத்தியர். விருந்தாடியாக வந்தாலும் சட்டைப் பையில் டார்ச்சும் குட்டிக் கண்ணாடியும் இருக்கும்.

மனைவியும் மாமியாரும் கடைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் வேலையை முடித்து, கார் ஒன்றுமே தெரியாததுபோல நிற்க வேண்டும்.

போன மாதமே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். இந்தக் காருக்கு இனி ஒரு திருகாணி வாங்கினாலும் காரையே விற்றுவிடுவாளாம். கார் அவள் பெயரில் இருக்கிறது. சொன்னதைச் செய்கிறவள் வேறு.

என் மஞ்சள் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும் உடம்பு. அதை விற்பதாவது.

சைலன்சரை மாற்றியபோதும் கியர் தண்டை மாற்றியபோதும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கியிருக்கிறேன். கையுறை போட்டால் போல்ட்டின் இறுக்கம் விரலுக்குத் தெரியாது. முறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலைக்குக் குறுக்கே, பக்கத்து இரும்புவரை ஒரு கோடு போட வேண்டும். பின்னால் அந்தக் கோடு விலகித் தெரிந்தால் போல்ட் தளர்கிறது என்று அர்த்தம். அதற்கென்றே ஒரு வெள்ளை மார்க்கர் வைத்திருக்கிறேன்.

அவள் கொட்டாவி விட்டபடி கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பாள். சுவரிடம் பேசியிருக்கலாம் என்று தோன்றும்.

அதனால்தான் இந்த முறை பிரேக். சக்கரத்துக்குள் ஒளிந்துகொள்ளும் சமாச்சாரம், யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. காரும் கைவிட்டுப் போகாது, வளைவில் பாய்ந்து வந்தால் நினைத்த இடத்தில் நிற்கவும் செய்யும். இந்தச் சந்தோஷத்தில் எனக்குக் காலைச் சாப்பாடே இறங்கவில்லை.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். மாமனார் குறுக்கே வந்து நின்றார்.

“மாப்பிள்ளை, முன் சக்கரம் இப்போ எதுக்கு? பின்னாடி மட்டும் மாத்துவோமே.”

நிறுத்தும்போது காரின் பாரமெல்லாம் முன்னால்தான் சாயும், முன் பிரேக்தான் உயிர் என்று பொறுமையாக விளக்கினேன். டீ போடட்டுமா என்றார். மழை வரும் போலிருக்கிறது என்றார். நாங்கள் இருந்ததோ ஷெட்டுக்குள். மகளிடம் மாட்டிக்கொள்வோம் என்று மனுஷனுக்கு உதறல். பல் பிடுங்க வருகிறவர்களுக்கு இவர்தான் தைரியம் சொல்கிறார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் தாங்கி வைத்துவிட்டுச் சக்கரத்தை உருவினேன்.

உள்ளே சிவப்பு.

புத்தம் புதிய பேட். என் பெட்டியில் இருக்கும் அதே வகை. எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் கழற்றினேன். அங்கேயும் சிவப்பு.

இந்தக் காரில் என்னைத் தவிர வேறு யாரும் கைவைத்ததில்லை. ஒர்க்‌ஷாப்பை நம்பிக்கூட விட்டதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக வளைவுகளில் கார் சொன்ன பேச்சு கேட்டது உண்மைதான். என் கால் பழகிவிட்டது என்று ஆபீசில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

மாமனாரின் குட்டிக் கண்ணாடியை வாங்கி உள்ளே நீட்டினேன். போல்ட்டின் தலைக்குக் குறுக்கே, பிசிறில்லாமல், ஒரு கோடு.

வெள்ளை இல்லை. கருநீலம்.

அந்தக் கருநீலத்தைத் தினமும் என் மனைவியின் நகங்களில் பார்க்கிறேன். சனிக்கிழமையானால் அப்பா வீட்டுக்கு என்று காரை எடுத்துப் போகத் தொடங்கினாளே, அப்போது ஆரம்பித்த நிறம். ஏன் இவ்வளவு அடர்த்தியாக என்று கேட்டதற்கு, அழுக்கு தெரியாது என்றாள். சமையலறை அழுக்கைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இனி ஒரு திருகாணி வாங்கக் கூடாது என்று மிரட்டியதும் இதற்குத்தான். நான் சக்கரத்தைக் கழற்றிவிடக் கூடாதே.

திரும்பிப் பார்த்தேன். மாமனார் டார்ச்சை ஷெட்டின் கூரையில் அடித்து, அங்கே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. நான் பேசியது ஒன்றும் சுவரிடம் இல்லை.

வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் வீட்டுக்குள் போக, கடைப் பைகளோடு அவள் ஷெட் வாசலில் வந்து நின்றாள். மூக்கைத் தூக்கி நிற்கும் கார், கழன்று கிடக்கும் சக்கரங்கள், என் கையில் பெட்டி. மறைக்க எனக்கு வழியில்லை. அவளுக்கும் இல்லை.

பைகளைக் கீழே வைத்தாள். குனிந்து, குட்டிக் கண்ணாடியை உள்ளே நீட்டி, தான் போட்ட கோடு விலகாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். பிறகுதான் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“பின்னாடிக்கு எங்க தேடியும் கிடைக்கலங்க. இதுல இருக்கா?”

இருக்கிறது என்று தலையாட்டினேன். அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஸ்பேனருக்காகத் திரும்பினாள்.

ஸ்பேனர் அங்கே இல்லை. மாமனார் அதற்குள் பின் சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.