உடம்புக்குக் கூலி

"அந்தத் தொளதொளன்னு இருக்கிற பழைய சட்டையப் போட்டுக்கிட்டுப் போங்க. வயிறு வெளிய தெரியாது" என்றாள் சலேஹா.

"வயிறு தெரியணும்னுதான் புள்ள எனக்குச் சம்பளமே" என்று சிரித்தார் அவள் கணவர் நாகூர் மீரான். சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

சிரிக்கிற நேரமா இது? பினாங்கில் ஜப்பான்காரன் கொடி ஏறி இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று எலும்பும் தோலுமாக நடமாடுகிறது. இந்த மனுஷர் மட்டும் ஆறு மாதமாக ஊதிக்கொண்டே போகிறார்.

அதில் லாபம் இல்லாமலும் இல்லை. சூலியா தெருவில் ஷேக் அலாவுதீனின் சாப்பாட்டுக் கடையில், பின்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவர் மீரான். உடம்பு போட ஆரம்பித்ததும் முதலாளி கூப்பிட்டார்.

"மீரான், இனிமே நீ வாசல்ல உக்காரு. ஒன்னைப் பாத்தாத்தான் இந்தக் கடைச் சாப்பாட்டுல ஏதோ சத்து இருக்குன்னு நம்பி நாலு பேரு உள்ள வருவான்."

அங்கே விற்பதும் கிழங்குதான். ஆனாலும் கூட்டம் வந்தது. தட்டு கழுவும் ஒல்லிக்குச்சிகளுக்கு ஜப்பான்காரன் அச்சடித்த, ஒன்றுக்கும் உதவாத வாழைமர நோட்டுதான் கூலி. வாசலில் உட்கார்ந்திருக்கும் மீரானுக்கு அதோடு முதலாளியின் ரேஷனிலிருந்து தினம் ஒரு பால் டின் அரிசியும் கிடைத்தது. சலேஹாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் இன்னும் உயிரோடு இருப்பது அந்த அரிசியால்தான்.

"நேத்து குழாயடியில ஒருத்தி கேக்குறா, 'ஒம் மாப்பிள்ளைக்கு மட்டும் எங்கேருந்து அரிசி வருது?'ன்னு. பின்சந்துல அரை மூட்டை அரிசிய ஒளிச்சு வச்சவரை கெம்பித்தாய் புடிச்சுக்கிட்டுப் போனாங்களே, திரும்பி வந்தாரா?"

கெம்பித்தாய் என்றால் ஜப்பான் ராணுவப் போலீஸ். பிடித்துக்கொண்டு போனவனுக்கு வயிறு முட்டத் தண்ணீரை ஊற்றி, மேலே ஏறி மிதிப்பார்களாம். பேரைச் சொல்லும்போதே சலேஹாவின் குரல் இறங்கிவிட்டது.

"ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா? ஒண்ணும் ஆகாதுலா."

"அல்லா மேல ஆணையா சொல்லுங்க. எங்கேயாச்சும் திருடித் திங்கிறீங்களா?"

"கடையிலதான் சாப்பிடுறேன். முதலாளி போடுறாரு. எத்தனை வாட்டி சொல்றது?"

தினமும் இதே பதில்தான். அரிசியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் காய்ச்சும் கஞ்சியில் ஒரு வாய்கூடத் தொடமாட்டார். சலேஹாவும் வற்புறுத்தியதில்லை. சாப்பிட்டவரா இல்லையா என்று உடம்பைப் பார்த்தாலே தெரியாதா? பிள்ளைகள் குச்சியாய்க் கிடக்க, தகப்பன் மட்டும் மூக்கு முட்டத் தின்றுவிட்டு வருகிறாரே என்று சில நாள் அவளுக்கு ஆத்திரம்கூட வந்திருக்கிறது.

மரப்படிகளில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

சலேஹா பிள்ளைகளை இழுத்துத் தன் பின்னால் மறைத்துக்கொண்டாள். வயதான ஜப்பான் அதிகாரி ஒருவர் இரண்டு சிப்பாய்களோடு உள்ளே வந்தார். கூடவே தமிழ் பேசும் துபாசி.

"அரிசி மூட்டைய எங்க ஒளிச்சு வச்சிருக்க? ஒழுங்கா சொல்லிரு" என்றார் துபாசி.

"மூட்டை எதுவும் இல்லீங்க" என்றார் மீரான்.

சிப்பாய்கள் பாயை உதறினார்கள், பெட்டியைக் கவிழ்த்தார்கள், பலகைகளைப் பெயர்த்தார்கள். அகப்பட்டதெல்லாம் நான்கு கிழங்கும் ஒரு டின் அரிசியும்தான்.

"இது ஏது?"

"கூலிங்க. கடையில கொடுக்கிறாங்க."

"என்ன வேலைக்கு?"

"சும்மா... வாசல்ல உக்காந்திருக்கிறதுக்கு."

துபாசி அதை மொழிபெயர்த்ததுதான் தாமதம், அதிகாரி பளாரென்று ஓர் அறை விட்டார். மீரான் சுவரில் போய் மோதினார். ஊர் பட்டினி கிடக்கும்போது இப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னால் எவன் நம்புவான்? இவரைக் கொண்டுபோய்விட்டால் பிள்ளைகள் ஒரு மாதம்கூடத் தாங்காது.

"ஐயா, அவரு எதையும் திருடலை" என்று சொல்ல நினைத்தாள். அப்படி அடித்துச் சொல்ல அவளுக்கே தைரியம் வரவில்லை.

அதிகாரி கையிலிருந்த தடியால் மீரானின் கைலியை முழங்கால்வரை தூக்கினார். தூண் மாதிரி இரண்டு கால்கள். எங்கே அடிக்கலாம் என்று இடம் பார்க்கிறான் பாவி என்று சலேஹா கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது அதிகாரி குனிந்து, மீரானின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். விரலை எடுத்த பிறகும், பிசைந்த மாவில் பதிந்ததுபோல் அந்தக் குழி மேலே எழும்பாமல் அப்படியே நின்றது. இன்னோர் இடத்தில் அழுத்தினார். அங்கேயும் குழி. அவர் நிமிர்ந்தார். முகத்தில் முன்பிருந்த கோபம் இல்லை. துபாசியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் சிப்பாய்களோடு கீழே இறங்கிப் போய்விட்டார்.

"அவர விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள் சலேஹா.

"விட்டாச்சும்மா. இவரு அரிசி திருடலைன்னு தொரைக்குத் தெரிஞ்சுபோச்சு." துபாசி மீரானின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அவங்க பட்டாளத்துலேயே நெறையப் பேரு இப்படி ஊதிச் செத்திருக்காங்களாம். இது சதை இல்லம்மா, வீக்கம். மாசக்கணக்கா நல்ல சோறே காணாத உடம்புதான் இப்படி ஆகுமாம்."